காட்டுக்கும் காட்டுச் சுற்றுலாவுக்குமான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

அருவிக்குப் போகும் பாதையில் கைப்பிடிக் கம்பி உடைந்து கிடக்கிறது, பறவைகள் சரணாலயத்தில் கோபுரத்தின் படி இற்றுப்போய்விட்டது என்று மனு கொடுத்தால் பெரும்பாலும் ‘நிதி ஒதுக்கீடு இல்லை’ என்றே பதில் வரும். அது பொய் அல்ல, ஆனால் முழுப் பதிலும் அல்ல. தமிழ்நாட்டில் காடு, வன உயிர், சூழல் சுற்றுலா ஆகியவற்றுக்கான அரசுப் பணம் ஒரே இடத்தில் இல்லை. மாநில பட்ஜெட், மத்திய அரசு பங்கு தரும் திட்டங்கள், கேம்பா நிதி (காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுப் பணம்), நுழைவுக் கட்டணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும் அமைப்புகள் என நாலு வழியில் வருகிறது. நாலுக்கும் விதி வேறு, கேட்க வேண்டிய மாதம் வேறு, கேட்க வேண்டிய ஆளும் வேறு.

மாநில பட்ஜெட்

பட்ஜெட் என்று நாம் சொல்வது அரசியலமைப்பின் 202ஆம் பிரிவின்படி சட்டமன்றத்தில் வைக்கப்படும் ஆண்டு நிதிநிலை அறிக்கை. அதன் செலவுகள் துறைவாரியாக மானியக் கோரிக்கைகளாகப் பிரிந்து 203ஆம் பிரிவின்படி வாக்கெடுப்புக்கு வருகின்றன. வனத்துக்கு மானியக் கோரிக்கை எண் 54. சுற்றுச்சூழலும் காலநிலை மாற்றமும் எண் 15. சுற்றுலா எண் 29. சுற்றுலாத் துறையின் படகு இல்லத்துக்கு வேண்டியதை 54இல் தேடினால் கிடைக்காது. சரணாலயத்துக்கு வேண்டியது 29இல் இருக்காது. ‘இது எங்கள் துறை இல்லை’ என்று மனு இரண்டு அலுவலகங்களுக்கு இடையே அலைவது பாதி இதனால்தான்.

மானியக் கோரிக்கைப் புத்தகம் நிதித்துறையின் பட்ஜெட் தளத்தில் பி.டி.எஃப்.ஆகக் கிடைக்கும். அதைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, தொகைகள் ரூபாய் ஆயிரத்தில் தரப்பட்டிருப்பதை. ‘1,25,00’ என்று இருந்தால் அது 12,500 ஆயிரம், அதாவது 1 கோடியே 25 லட்சம். வெறும் ‘1’ என்று இருந்தால் 1,000 ரூபாய். இது அச்சுப்பிழை அல்ல, அடையாள ஒதுக்கீடு. திட்டத்துக்கு ஒரு கணக்குத் தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் பின்னால் வந்தால் வரும் என்று பொருள். ‘எங்கள் மலைக்குத் திட்டம் பட்ஜெட்டில் வந்துவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் சில இந்த ஆயிரம் ரூபாய்த் திட்டங்கள்தான்.

ஒவ்வொரு வரியிலும் நாலு தொகைகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மையான கணக்கு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. செய்திகளில் வருவது கடைசித் தொகை. உண்மை தெரிவது முதல் தொகையில். பட்ஜெட் மதிப்பீடு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போய், கணக்கு மட்டும் அப்படியே நின்றால், ஒதுக்குகிறார்கள் ஆனால் செலவாகவில்லை என்று அறியலாம்.

கணக்குத் தலைப்பு எண்களில் சிலவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் தேடல் சுலபம். 2406 என்பது வனமும் வன உயிரும், வருவாய்ச் செலவு: சம்பளம், கூலி, பராமரிப்பு. 4406 அதே துறையின் மூலதனச் செலவு: கட்டடம், நிலையான சொத்து. 0406 வனத்துறையின் வரவு. சுற்றுலாவுக்கு 3452, 5452. 2406க்குள் 02 என்ற பிரிவில் 110 வன உயிர்ப் பாதுகாப்பு, 111 உயிரியல் பூங்கா. உடைந்த கம்பியைச் சரிசெய்வது பராமரிப்பு, ஆகவே 2406. புதிதாகக் கோபுரம் கட்டுவது 4406. மனுவில் ‘சீரமைத்துத் தர வேண்டும்’ என்பதற்கும் ‘புதிதாக அமைத்துத் தர வேண்டும்’ என்பதற்கும் இந்த அளவுக்கு வித்தியாசம் உண்டு. முன்னது வனக்கோட்ட அளவில், அதாவது மாவட்ட வன அலுவலர் அளவில் முடியக்கூடும், பின்னது சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

அறிவிப்பு வேறு, அரசாணை வேறு

மானியக் கோரிக்கை விவாதத்தின் முடிவில் அமைச்சர் புதிய அறிவிப்புகளை வாசிப்பார். மறுநாள் பத்திரிகைகளில் அது நடந்தேறியதுபோல வரும். ஆனால் அறிவிப்புக்குப் பிறகு துறை மதிப்பீடு தயாரிக்க வேண்டும், நிதித்துறை ஒத்துக்கொள்ள வேண்டும், நிர்வாக ஒப்புதலும் நிதி ஒப்புதலும் தந்து அரசாணை வர வேண்டும், அதன் பிறகு 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி டெண்டர். அரசாணை எண்ணும் தேதியும் இல்லாத அறிவிப்பை யாரும் செலவு செய்ய முடியாது. எனவே ரேஞ்சரிடம் ‘அறிவிச்சாங்களே சார்’ என்று கேட்பதைவிட ‘அரசாணை எண் என்ன’ என்று கேட்பது நல்லது.

இதில் பெரிய சிக்கல் பருவம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது, காடு அந்தக் கணக்கில் நடப்பதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கன்று நடுவதற்கு ஏற்றது அக்டோபர் முதல் வரும் வடகிழக்குப் பருவமழை. அதற்கு நாற்றங்காலில் கன்று பல மாதங்கள் முன்பே வளர்ந்திருக்க வேண்டும், குழி மழைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். அரசாணை டிசம்பரில் வந்தால் மழை போயிருக்கும். ஆண்டு முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டுமே என்று ஜனவரியில் நட்டால் கோடையில் கருகும். பிழைத்த கன்றுகளின் விகிதம் குறைவு என்று தணிக்கையில் எழுதுவார்கள், பணம் எந்தத் தேதியில் வந்தது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் இப்படித்தான். புல் காய்ந்து பிப்ரவரியில் தீப்பருவம் தொடங்குவதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மார்ச்சில் பணம் வந்து பயனில்லை.

மார்ச் 31க்குள் செலவாகாத தொகை காலாவதியாகும். அதற்கு முன்பே துறை ‘சரண்டர்’ செய்து நிதித்துறையிடம் திருப்பிவிடும், அல்லது அதே மானியத்துக்குள் வேறு தலைப்புக்கு மாற்றும். கூடுதலாகத் தேவைப்பட்டால் 205ஆம் பிரிவின்படி துணை மானியக் கோரிக்கை.

மத்திய அரசின் பங்கு

இதுவும் மானியக் கோரிக்கை எண் 54 வழியாகத்தான் வரும், ஆனால் கடக்க வேண்டிய கைகள் அதிகம். புலிகள் திட்டத்தில் ஒருமுறைச் செலவுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40. தொடர்செலவுக்குப் பாதிக்குப் பாதி. முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை ஆகிய ஐந்து புலிகள் காப்பகங்களுக்கும் ஆண்டுச் செயல்திட்டம் தில்லியில் ஒப்புதல் பெற வேண்டும். பிறகு மத்தியத் தவணை, அதற்கு ஈடாக மாநிலப் பங்கு, முந்தைய தவணையைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ். சான்றிதழ் ஒன்று தாமதமானால் அடுத்த தவணை நிற்கும். அப்போது முதலில் அடிபடுவது தினக்கூலியில் இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். நிரந்தர ஊழியர் சம்பளம் மாநிலத்தின் வேறு தலைப்பில் இருப்பதால் அது தடைபடாது.

வெளிநாட்டுக் கடனும் உண்டு. ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைகாவின் உதவியில் 2022-23 முதல் எட்டு ஆண்டுகளுக்கு 920.52 கோடி ரூபாயில் உயிர்ப்பன்மைப் பாதுகாப்பு, பசுமையாக்கல் திட்டம் நடக்கிறது. அதில் எந்தெந்த வேலை, எந்தெந்தக் கோட்டம் என்பது திட்ட ஆவணத்திலேயே முடிவாகிவிட்டது, புதுக் கோரிக்கைக்கு இடம் குறைவு.

கேம்பா

பலரும் பெயரைக் கேட்டிருப்பார்கள், சிலருக்கே முழு விவரம் தெரியும். சுரங்கம், மின்கம்பி, நெடுஞ்சாலை என ஏதோ ஒன்றுக்குக் காட்டு நிலத்தைக் கொடுத்தால், வாங்குபவர் அதற்கு ஈடாக வேறிடத்தில் காடு வளர்க்கும் செலவையும் அந்தக் காடு தரும் பயன்களுக்கு இன்றைய கணக்கில் போடும் விலையான ‘நிகர நிகழ்கால மதிப்பையும்’ கட்ட வேண்டும். இந்தப் பணம் உச்ச நீதிமன்ற உத்தரவுகளால் பல ஆண்டுகள் தில்லியில் தேங்கிக் கிடந்தது. ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் 2016இல் வந்தது, விதிகள் 2018இல். 2019 ஆகஸ்டில் 47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. வரும் தொகையில் மாநிலத்துக்கு 90 விழுக்காடு, மத்திய நிதிக்கு 10.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2008இல் நிர்ணயித்த மதிப்பு காட்டின் வகையையும் அடர்த்தியையும் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் வரை. 2022இல் இது உயர்த்தப்பட்டது. சரணாலயம் என்றால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்கா என்றால் பத்து மடங்கு. பழைய குறைந்தபட்ச விலையிலேயே சரணாலயத்தில் 2 ஹெக்டேருக்கு 43.8 லட்சம் வரும். மாநிலத்துக்கு அதில் 39.42 லட்சம். நிகர நிகழ்கால மதிப்பாக வரும் பணத்தில் பொதுவாகக் குறைந்தது 80 விழுக்காடு காடு, வன உயிர் மேலாண்மைக்கே போக வேண்டும்: இயற்கை மறுவளர்ச்சிக்கு உதவுவது, தீத்தடுப்பு, மண் ஈரப் பாதுகாப்பு, வாழிட மேம்பாடு போன்றவை. மீதி 20க்குள் களப்பணியாளர் குடியிருப்பு, காட்டுச் சாலை, கருவிகள் போன்ற கட்டமைப்பு. ஈடுசெய் காடு வளர்ப்புக்கென்று கட்டிய தொகை இந்த 80-20க்குள் வராது, அது அந்தந்தத் தோட்டத்துக்கே உரியது.

தடைகளும் உண்டு. நிரந்தர ஊழியர் சம்பளம், வெளிநாட்டுப் பயணம், உயிரியல் பூங்கா, சஃபாரி விரிவாக்கம் இவற்றுக்கு இந்தப் பணத்தைத் தொடக்கூடாது. உத்தராகண்டில் கேம்பா பணத்தில் ஐபோன், லேப்டாப், குளிர்சாதனப் பெட்டி வாங்கியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025இல் சுட்டிக்காட்டியது. ஆகவே சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிக் கோபுரத்தைக் கேம்பாவில் கேட்பது வீண். தீக் கண்காணிப்புக் கோபுரம் கேட்கலாம். ஒன்றை இன்னொன்றின் பெயரில் கேட்காதீர்கள், தணிக்கை ஆட்சேபம் கடைசியில் கையெழுத்துப் போட்ட வனவர் தலையில் விடியும்.

கேம்பா நிதி மாநிலத்தின் பொதுக் கணக்கில், 8121 தலைப்பில் வட்டியோடு இருக்கிறது. மார்ச் 31இல் காலாவதியாகாது. ஆனால் எடுக்க இரண்டு சாவி வேண்டும். மாநில வனத்துறையின் உச்ச அதிகாரியான வனப் படைத் தலைவர் தலைமையிலான செயற்குழு ஆண்டுச் செயல்திட்டம் தயாரித்து, தலைமைச் செயலர் தலைமையிலான வழிகாட்டுக் குழு ஏற்று, தில்லியின் ஒப்புதல் பெற வேண்டும். கூடவே பட்ஜெட்டில் 2406க்குள் 04 பிரிவில் ஒதுக்கீடும் இருக்க வேண்டும். செலவை அங்கே காட்டி, கீழேயே ‘நிதியிலிருந்து ஈடுசெய்த தொகை – கழிக்கவும்’ என்று ஒரு வரி வரும். அந்தக் கழித்தலைக் கவனிக்காமல், கழித்த பின் வரும் நிகரத் தொகையை மட்டும் பார்ப்பவர்கள் கேம்பாவில் ஒன்றுமே செலவாகவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

வாசலில் வசூலாகும் பணம்

சுற்றுலா சார்ந்த சின்ன வேலைகளுக்கு உண்மையில் இதுதான் முக்கியமான கணக்கு. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38எக்ஸ் பிரிவின்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு அறக்கட்டளை உண்டு. நுழைவுக் கட்டணமும் நன்கொடையும் அரசுக் கருவூலத்துக்குப் போகாமல் இங்கே வரும், அங்கேயே செலவாகும். காலாவதி இல்லை. அன்றாட முடிவுகள் காப்பகத்தின் களஇயக்குநர் தலைமையிலான செயற்குழுவில். முதுமலையில் வண்டிச் சவாரிக்கு நீங்கள் கட்டும் பணத்தின் கணக்கை இங்கேதான் கேட்க வேண்டும். வண்டலூர் போன்ற உயிரியல் பூங்காக்களுக்கு 2004இல் அமைந்த தமிழ்நாடு உயிரியல் பூங்கா ஆணையம் இதே வேலையைச் செய்கிறது. கோவை வனக்கோட்டத்தின் பரளிக்காடு பரிசல் பயணம்போலச் சில இடங்களில் வருமானம் பழங்குடிக் கிராமத்தினரோடு பங்கிடப்படுகிறது.

மலையேற்றம் தனி. 2018 மார்ச் 11இல் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு, அனுமதி, வழிகாட்டி பற்றி மாநில அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’வில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள். நடத்துவது தமிழ்நாடு வன அனுபவக் கழகம், முன்பதிவு இணையத்தில். தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படும்; 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். பாதையின் வசதி பற்றிய குறையைக் கழகத்திடமும், பாதைக்கு வெளியே உள்ள காட்டைப் பற்றியதை மாவட்ட வன அலுவலரிடமும் சொல்ல வேண்டும்.

எப்போது, எப்படிக் கேட்பது

அடுத்த ஆண்டு மதிப்பீடுகள் கோட்டங்களிலிருந்து அக்டோபர் வாக்கிலேயே கிளம்பிவிடும். மார்ச்சில் பட்ஜெட்டைப் பார்த்துவிட்டு மனு எழுதினால் ஓராண்டு போச்சு. ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை வனச்சரக அலுவலருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் கொடுங்கள். இடத்தின் பெயர், வனக்காவல் சுற்று, நீளம் மீட்டரில், பராமரிப்பா புதிதா, எந்தக் கணக்கில் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்’ என்று மட்டும் முடியும் மனு கோப்பிலேயே தங்கிவிடும். புதிய சுற்றுலா வசதி என்றால் அந்தக் கோட்டத்தின் பணித்திட்டத்திலோ காப்பகத்தின் மேலாண்மைத் திட்டத்திலோ அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பணம் இருந்தாலும் நடக்காது.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் காரணம் தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட வனச்சரகத்துக்கு ஒப்புதலான கேம்பா ஆண்டுச் செயல்திட்டப் பக்கங்களின் நகல், கணக்குத் தலைப்புவாரியாக ஒதுக்கீடு, பணம் விடுவித்த தேதி, மார்ச் 31 வரை செலவு, சரண்டர் செய்த தொகை என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.