கண்டக்டர் வேலைக்கு யாரைப் பார்க்கணும்?

கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க உட்கார்ந்தால் மாதம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த பையன் ஒருத்தன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பான்: "ஏனுங்ணா, ஆனவண்டியில கண்டக்டர் வேலைக்கு யாரைப் போய்ப் பாக்கோணும்?" யாரையும் பார்க்க வேண்டாம்ப்பா என்றால் நம்ப மாட்டான். சித்தூர் டிப்போவில் மாமா ஒருத்தர் இருக்கிறார், எம்.எல்.ஏ. ஆபீசில் தெரிந்தவர் இருக்கிறார் என்று ஆரம்பிப்பான்.

பார்க்க வேண்டியது ஆளை அல்ல, தேதியை. ஆனவண்டி என்று நாம் கூப்பிடும் கேரள அரசு பஸ் நிறுவனமான கே.எஸ்.ஆர்.டி.சி. 1965 மார்ச் 15 அன்று தனிக் கார்ப்பரேஷன் ஆனது. ஆனாலும் அதன் நிரந்தர வேலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு கேரள பி.எஸ்.சி. கையில். பி.எஸ்.சி. அறிவிப்பு விடும், தேர்வு வைக்கும், ராங்க் லிஸ்ட் போடும். கார்ப்பரேஷன் "இத்தனை இடம் காலி" என்று எழுதிக் கேட்டால் லிஸ்ட்டிலிருந்து வரிசைப்படி பெயர் அனுப்பும். டிப்போ மாமாவுக்கு இதில் வேலையே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொலைதூர பஸ்களுக்காக 2021-ல் தொடங்கிய கே-ஸ்விஃப்ட் தனிக் கம்பெனி. அங்கே டிரைவர் கம் கண்டக்டர் வேலை ஒப்பந்த அடிப்படையில். அதற்கு பி.எஸ்.சி. தேர்வு கிடையாது, தனி அறிவிப்பு வரும். "ஆனவண்டி வேலை கிடைச்சிருச்சு" என்று யாராவது இனிப்பு கொடுத்தால் எந்த வேலை என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

பையன்கள் பெரும்பாலும் அறிவிப்பு வந்த பிறகுதான் லைசென்ஸ் எடுக்க ஓடுவார்கள். கண்டக்டருக்கும் லைசென்ஸ் உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி அது இல்லாமல் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்க முடியாது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், முதலுதவிச் சான்றும் மருத்துவச் சான்றும் வேண்டும். டிரைவர் என்றால் 20 வயதுக்குக் கீழே இருப்பவர் பஸ், லாரி மாதிரி வண்டியை ஓட்டவே கூடாது. தகுதி எல்லாம் கடைசி நாளுக்குள் கையில் இருக்க வேண்டும் என்பது பி.எஸ்.சி.யின் பொது விதி. அறிவிப்பு வந்து ஒரு மாதத்தில் கடைசி நாள் முடிந்துவிடும். முதலுதவி வகுப்பு, டெஸ்ட், லைசென்ஸ் எல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள் நடக்காது. அதனால் லைசென்ஸை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விண்ணப்பம். பி.எஸ்.சி.க்கு ஒரே ஒரு முறை பதிவு செய்தால் போதும். 'துளசி' என்ற அவர்களுடைய தளத்தில் நம் பெயரில் ஒரு புரொஃபைல் உருவாகும். பிறகு எந்த வேலைக்கு அறிவிப்பு வந்தாலும் அதே புரொஃபைலுக்குள் போய் விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் அக்ஷயா சென்டரில் கொடுப்பது அவர்கள் வேலைக்கான கூலி, பி.எஸ்.சி. ஃபீஸ் என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

போட்டோவில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவின் அடியில், படத்துக்குள்ளேயே, உங்கள் பெயரும் போட்டோ எடுத்த தேதியும் அச்சாகி இருக்க வேண்டும். வெறும் படம் செல்லாது. பொள்ளாச்சியில் கல்யாண வீட்டுக்குப் போனபோது எடுத்த போட்டோவைக் கொண்டு வருவார்கள். அதில் சட்டை நன்றாக இருக்கும், தேதி இருக்காது.

போன் நம்பர் விஷயத்தில் நானே அடிபட்டவன். எனக்குப் பதிவு செய்து கொடுத்த கடைக்காரர் அவசரத்தில் தன் நம்பரையே போட்டுவிட்டார். பி.எஸ்.சி. அனுப்பிய மெசேஜ் எல்லாம் அவருக்குப் போனது. அவரிடம் அப்படி நூறு பேருடைய மெசேஜ் கிடந்திருக்கும், பாவம். எனக்குத் தெரியவந்தபோது தேர்வு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. உங்கள் சொந்த நம்பர், உங்களுக்கே ஞாபகம் இருக்கும் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை எஸ்.எஸ்.எல்.சி. புக்கின் பின் அட்டையில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேண்டாம்.

நம் ஆட்களுக்கு இன்னொரு தலைவலி இனிஷியல். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருந்தால் டி.சி.யில் 'ம. முருகேசன்'. கேரளப் பள்ளி என்றால் 'முருகேசன் எம்.' ஆதாரில் அப்பா பெயரும் சேர்ந்து 'முருகேசன் மாரிமுத்து'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று பஸ் ஸ்டாண்டுக்கே தெரியும், சர்டிபிகேட் சரிபார்க்கும் மேஜைக்குத் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. புக்கில் இருக்கிற மாதிரியே எல்லா இடத்திலும் போடுங்கள். மாறியிருந்தால் வில்லேஜ் ஆபீசில் 'ஒண் அண்ட் சேம்' சர்டிபிகேட் வாங்கலாம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று வில்லேஜ் ஆபீசர் எழுதிக் கொடுப்பது அது.

விண்ணப்பித்தாகிவிட்டது, ஹால் டிக்கெட் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். தேர்வுக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட கால அளவுக்குள் புரொஃபைலுக்குள் போய் "நான் எழுத வருகிறேன்" என்று கன்ஃபர்மேஷன் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பமே ரத்து. கேள்வித்தாள் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்பதும் அங்கேதான். பத்தாம் வகுப்புத் தரத் தேர்வுகளில் மலையாளத்தோடு தமிழ், கன்னடக் கேள்வித்தாளும் உண்டு. நம் பையன்கள் பாதிப் பேர் இதைக் கவனிக்காமல் மலையாளத்தை அழுத்திவிட்டு, தேர்வு ஹாலில் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

கேள்வித்தாள் தமிழில் வந்தாலும் கேள்வி கேரளத்தைப் பற்றியதுதான். எல்லை தாண்டிப் போய்ப் படித்தவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். ஸ்ரீ நாராயண குரு, வைக்கம் சத்தியாகிரகம், அய்யங்காளி எல்லாம் பி.எஸ்.சி.யில் தவறாமல் வரும் பகுதி. தாழ்த்தப்பட்டவர்கள் பொதுவழியில் போகக் கூடாது என்று தடுத்த காலத்தில், 1893-ல் அவர்களில் ஒருவரான அய்யங்காளி வில்லுவண்டி என்ற மாட்டுவண்டியில் ஏறி அதே வழியில் போனார். பஸ் வேலைக்குப் படிக்கிறவன் மறக்கக் கூடாத வண்டி அது. திருவிதாங்கூரில் அரசு பஸ் ஓடத் தொடங்கியது 1938 பிப்ரவரி 20 என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

தப்பான பதிலுக்கு மார்க் கழிப்பார்கள். மூன்று தப்புக்கு ஒரு மார்க் போகும். 60 சரி, 21 தப்பு என்றால் கையில் நிற்பது 53. அந்த 21-ஐத் தொடாமல் விட்டிருந்தால் 60.

சரி, லிஸ்ட்டில் பெயர் வந்துவிட்டது. அப்போது வீட்டில் பட்டாசு வெடிக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ராங்க் லிஸ்ட் என்பது வேலை அல்ல, வேலைக்கான வரிசை. குறைந்தது ஒரு வருடம் உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு புது லிஸ்ட் வந்தால் அன்றோடு முடிந்தது, வராவிட்டாலும் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். அதற்குள் காலியிடம் அறிவிக்கப்பட்டு, உங்கள் முறை வந்து, உங்கள் பெயரை வேலைக்குப் பரிந்துரைத்து பி.எஸ்.சி. அனுப்பும் அட்வைஸ் மெமோ கையில் கிடைத்தால்தான் ஆச்சு.

முறை வருவதும் நேர் வரிசையில் இல்லை. இருபது இடங்களை ஒரு சுற்றாக எடுத்துக்கொள்வார்கள். பத்து பொதுப் போட்டிக்கு, எட்டு பிற்பட்டோருக்கு, இரண்டு எஸ்.சி., எஸ்.டி.க்கு. பொதுவுக்கு ஒன்று, இடஒதுக்கீட்டுக்கு ஒன்று என்று மாறி மாறிப் போகும். 2020-லிருந்து பொருளாதாரத்தில் பின்தங்கிய முற்பட்டோருக்கும் 10 சதவீதம் வந்திருக்கிறது. பிற்பட்டோர் எல்லாரும் ஒரே கூடையில் இல்லை. ஈழவருக்கு, முஸ்லிம்களுக்கு, லத்தீன் கத்தோலிக்கருக்கு, விஸ்வகர்மாவுக்கு என்று தனித்தனிப் பங்கு. அதனால் 140-வது ராங்க்காரனுக்கு மெமோ வந்து 80-வது ஆள் காத்திருப்பதும் நடக்கும். "காசு கொடுத்து முந்திட்டான்" என்று டீக்கடையில் பேசுவதற்கு முன் சுழற்சிக் கணக்கைப் பாருங்கள். மெயின் லிஸ்ட் தவிர, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் துணை லிஸ்ட் ஒன்றும் கூடவே வரும். பெயர் அதில் இருக்கிறதா என்றும் தேடுங்கள். மெமோ வாங்கியும் யாராவது சேராமல் விட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும், 'என்.ஜே.டி.' காலியிடம் என்று சொல்வது அதைத்தான்.

மெமோ வந்த பிறகும் இழுக்கும் என்பதற்கு 2018 சாட்சி. கண்டக்டர் வேலைக்கு பி.எஸ்.சி. மெமோ அனுப்பிய 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலையில் சேர முடியாமல் காத்துக் கிடந்தார்கள். அந்த இடங்களில் எம்பேனல் எனப்படும் தற்காலிக கண்டக்டர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், அந்த டிசம்பரில் 3,800-க்கும் மேற்பட்ட எம்பேனல்காரர்கள் ஒரே மூச்சில் வெளியே அனுப்பப்பட்டார்கள். வருஷக்கணக்கில் ஓடியவர்கள் அவர்கள். லிஸ்ட்காரர்களிலும் பலர் அதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டதால் சேரவே வரவில்லை. சட்டப்படி பார்த்தால் லிஸ்ட்காரன் பக்கம்தான் நியாயம். ஆனால் தாமதத்துக்குக் காரணமானவர்கள் யாரும் அந்த வாரம் வேலையை இழக்கவில்லை என்பதும் எனக்கு மறக்கவில்லை.

சாதிச் சான்று பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கேரள இடஒதுக்கீடு கேரளப் பட்டியலை வைத்துத்தான். தமிழ்நாட்டில் எம்.பி.சி. என்பது இங்கே கிடையாது. பிற்பட்டோருக்கு, வசதி படைத்த பிரிவில் இல்லை என்று காட்டும் 'நான்-கிரீமிலேயர்' சான்றும் வேண்டும். எஸ்.சி. என்றால் 1950 ஆகஸ்ட் 10-ம் தேதி ஆணையைக் காட்டி, அதற்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே இருந்ததா என்று கேட்பார்கள். சித்தூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களுக்குத் தாத்தாவின் பள்ளி ரெஜிஸ்டர், நிலப் பத்திரம் என்று ஏதாவது கிடைக்கும். மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களில் பிறந்தவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. சொந்த நிலமே இல்லாதவனிடம் பத்திரம் கேட்டால் எங்கே போவான்? தேவிகுளம் எம்.எல்.ஏ.வின் தேர்தல் வழக்கில் இந்தக் கேள்வியும் சேர்ந்து 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்ந்தது. எஸ்டேட் வேலைப் பதிவேடு, தாத்தா பாட்டி பெயருள்ள பழைய காகிதம் எது இருந்தாலும் எறியாதீர்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விடலாமா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் அரசு பஸ் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. கிடையாது, போக்குவரத்துக் கழகங்களே எடுக்கும். 2025 மார்ச்சில் எட்டுக் கழகங்களுக்குமாக 3,274 டிரைவர் கம் கண்டக்டர் இடங்களுக்கு அறிவித்தார்கள். குறைந்தது 24 வயது, பத்தாவது, ஹெவி லைசென்ஸும் கண்டக்டர் லைசென்ஸும், 18 மாத அனுபவம், உயரம் 160 சென்டிமீட்டர், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் நமக்குக் குறையில்லை. ஆனால் கேரளத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்று அங்கே இடஒதுக்கீட்டுக்கு உதவாது. பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும், வயது வரம்பும் அந்தப் பிரிவுக்குள்ளது.

ரயில்வேயில் இந்தச் சிக்கல் குறைவு. ரயில்வேக்கு ஆள் எடுக்கும் வாரியமான ஆர்.ஆர்.பி.யில் சென்னைக்கும் போடலாம், திருவனந்தபுரத்துக்கும் போடலாம், ஆனால் ஒரு அறிவிப்புக்கு ஒன்றுக்குத்தான். இரண்டுக்கும் போட்டால் இரண்டும் போச்சு. எங்கே போட்டாலும் கம்ப்யூட்டர் தேர்வைத் தமிழில் எழுதலாம். கட்டணம் 500 ரூபாய். முதல் தேர்வை எழுதினால் 400 திரும்பி வரும். எஸ்.சி., எஸ்.டி., பெண்கள் போன்றோருக்கு 250, எழுதினால் முழுசும் திரும்பும், வங்கிக் கட்டணம் மட்டும் பிடிப்பார்கள். ஓ.பி.சி. சான்று மத்திய அரசு படிவத்தில் வேண்டும்; பி.எஸ்.சி.க்கு வாங்கியதையே நீட்டாதீர்கள். லோகோ பைலட் ஆசை இருந்தால் முதலில் கண் டாக்டரிடம் போங்கள். கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை வேண்டும், லேசர் சிகிச்சை செய்த கண்ணும் ஆகாது.

போன மாதம் கேட்ட பையனை வில்லேஜ் ஆபீசுக்கும் ஸ்டுடியோவுக்கும் அனுப்பியிருந்தேன். நேற்று வந்தான். 'ஒண் அண்ட் சேம்' சர்டிபிகேட் சரியாக வாங்கியிருந்தான், போட்டோவில் பெயரும் இருந்தது. தேதியைக் காணோம். திரும்ப ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறான்.