மஸ்கெலியாவுக்குப் பூ அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பூக்கடைக்கு வருகிற ரோசா, கார்னேஷன், ஜெர்பரா எல்லாம் பெரும்பாலும் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து லொறியில் இறங்குகிறவை. இரவோடிரவாக மலையிறங்கி வந்து, விடியற்காலையில் வாளித் தண்ணீரில் கழுத்தளவு நின்று தெளிந்த பிறகுதான் விற்பனைக்கு எடுப்போம். அந்தப் பூவையே திரும்பக் கட்டி, திரும்ப ஒரு வண்டியில் ஏற்றி, அதே மலைநாட்டில், ஹட்டனுக்கு அப்பால் இருக்கிற மஸ்கெலியாவுக்கு அனுப்பித் தாருங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் ஏராளம். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள், டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்து வட்ஸ்அப்பில் பேசுகிற பேரப்பிள்ளைகள். அம்மாவுக்குப் பிறந்தநாள், அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, படிப்பித்த டீச்சர் ஓய்வு பெறுகிறார். நல்ல ஆசைதான். ஆனால் அனுப்புகிறவர் கொடுக்கிற காசுக்கும் அங்கே கையில் வாங்குகிறவர் பார்க்கிற பூவுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதுதான்: பூவை அனுப்பாதீர்கள், ஓர்டரை அனுப்புங்கள். பூக்கடைத் தொழிலில் இது நூறு வருஷத்துக்கு மேல் பழைய வழி. 1908இல் பெர்லினில் மாக்ஸ் ஹியூப்னர் என்ற பூக்கடைக்காரர் தொடங்கியதுதான் பிறகு ஃப்ளூரோப் என்ற பூ ஓர்டர் அமைப்பு ஆனது. 1910இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சேர்ந்து தந்தி வழியாக ஓர்டர் மாற்றிக்கொள்ளும் சங்கம் அமைத்தார்கள், இன்று இன்டர்ஃப்ளோரா என்று அறியப்படுகிற பிரித்தானிய அமைப்பு 1923இல் வந்தது. இதிலெல்லாம் பூ ஊர்விட்டு ஊர் போகவே இல்லை. இந்த ஊர்க் கடைக்காரர் தகவல் சொல்வார், அந்த ஊர்க் கடைக்காரர் தன்னிடம் அன்றைக்கு இருக்கிற நல்ல பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஓர்டர் எடுத்தவருக்குச் சுமார் 20 சதவீதம், மிச்சத்தில் பெரும்பங்கு கட்டுகிறவருக்கு. இரண்டு பக்கமும் முகம் தெரிந்த கடை இருந்ததால் அது நன்றாக நடந்தது.

இங்கே நடப்பதைப் பாருங்கள். கொழும்பில் பொக்கேயைக் கட்டி, புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து, அங்கே ஒருவர் வந்து எடுத்துக்கொள்வார் என்று அனுப்புகிறார்கள். மருந்து, உடுப்பு, போன் என்றால் அது அருமையான வழி. பூவுக்கு இல்லை. நம் பஸ்களில் பாதிக்கு மேல் இன்ஜின் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதன் மூடியின் மேல்தான் பார்சலை அடுக்குவார்கள். கையை வைத்துப் பார்த்தால் தெரியும், வைத்துக்கொண்டிருக்க முடியாத சூடு. அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஏறுகிற பஸ்ஸில் அந்தச் சூட்டின் மேல் மணிக்கணக்கில் இருந்த ரோசா ஹட்டனில் இறங்கும்போது கழுத்து தொங்கியிருக்கும். தண்டுக்குள் காற்று அடைத்துவிட்டால் பிறகு எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் தலை நிமிர்வது சந்தேகம். பக்கத்துப் பையில் பழுத்த மாம்பழமோ வாழைப்பழமோ இருந்துவிட்டால் இன்னும் மோசம். பழுக்கிற பழத்திலிருந்து வருகிற எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டுவிடும், அது திரும்ப விரியாது. கண்டக்டரைக் குறை சொல்லி என்ன, அவர் ஒரு பார்சலை பார்சலாகத்தான் பார்ப்பார்.

கொழும்பிலிருந்து அனுப்பத் தகுந்த பூ இல்லாமல் இல்லை. ஓர்கிட், அந்தூரியம் இரண்டும் கீழ்நாட்டுச் சூட்டுப் பூக்கள், கம்பஹாப் பக்கம் நன்றாக வளர்கின்றன. தண்டின் நுனியில் சின்னத் தண்ணீர்க் குழாய் மாட்டி, பெட்டிக்குள் அசையாமல் கட்டிவிட்டால் ஒரு நாள் பயணத்தைத் தாங்கும், இன்ஜின் மேல் வைக்காமல் ஆள் கையோடு கொண்டுபோனால். போய்ச் சேர்ந்த பிறகும் ஓர்கிட் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். குளிர்தான் இவற்றுக்கு ஆகாது. ரோசாவுக்கு 2 முதல் 4 பாகை செல்சியஸ் வரை சுகம், ஓர்கிட்டை அந்தக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கறுத்துப்போகும். மார்கழி, தை மாத இரவில் மஸ்கெலியாவில் ஜன்னலோரம் வைக்கவேண்டாம், வீட்டுக்குள்ளே தள்ளி வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.

மற்றது மல்லிகை. மலைக்குளிரில் மல்லிகை அவ்வளவாகப் பூக்காது. கொழும்பு செட்டியார் தெருக் கோயில்களின் முன்னால் முழம் போட்டு விற்கிற அந்த மல்லிகைதான் மலையில் இருக்கிற அம்மாவுக்கு நிஜமான அபூர்வம், பெரிய பொக்கேயைவிட. ஆனால் இன்று பூத்தது இன்றோடு சரி. அதனால் விரியாத மொட்டாகக் கட்டி, ஈரமான வாழையிலையில் சுற்றி, அன்றைக்கே ஊருக்குப் போகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் மட்டும் அனுப்புங்கள். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டால் வேர்த்துப் பழுப்பாகிவிடும்.

அடுத்தது இணையம். இதில்தான் ஏமாற்றம் அதிகம். சின்ன ஊர் ஒன்றின் பெயரையும் “பூ டெலிவரி” என்பதையும் சேர்த்துத் தேடினால் அந்த ஊரின் பெயரையே தலையில் போட்டுக்கொண்டு பக்கங்கள் வரும். பார்த்தால் அந்த ஊரிலேயே கடை வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். உள்ளே போனால் தெரு முகவரி இருக்காது, எந்த ஊரைப் போட்டாலும் அதே படங்கள், அதே தொலைபேசி எண். இது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம், கடை இல்லாமல் ஓர்டர் மட்டும் பிடிக்கிறவர்கள். நீங்கள் 10,000 ரூபாய் கட்டினால் அதில் சேவைக் கட்டணம், தரகு எல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்கேயோ ஒரு உண்மையான கடைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கடைக்காரர் தன் கைக்கு வந்த காசுக்குத்தான் பூ வைக்க முடியும். படத்தில் டியூலிப்பும் பியோனியும் இருக்கும், வீட்டு வாசலுக்கு வருவது நாலு ஜெர்பராவும் நிறையப் பச்சை இலையும். வாங்கின அம்மா எதுவும் சொல்லமாட்டார். “அழகா இருந்துச்சு தம்பி, எதுக்கு இவ்வளவு செலவு” என்பார், விஷயம் அதோடு முடிந்துவிடும். அதனால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

அப்போ என்ன செய்வது? மஸ்கெலியா என்றால் ஹட்டன் டவுனில் கேளுங்கள். ஊரில் இருக்கிற தம்பி தங்கச்சி யாரிடமாவது, கலியாண வீட்டுக்கு மணவறை ஜோடிக்கிறவர் யார், பூ வேலை செய்கிறவர் யார் என்று கேட்டு நம்பர் வாங்குங்கள். பெரிய பெயர்ப்பலகை இருக்காது, ஆனால் கை சுத்தமான ஆட்கள். அவரிடம் நேரே பேசுங்கள். “கடை எங்கே, எதற்குப் பக்கத்தில்?” என்று கேட்டால் உண்மையான கடைக்காரர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். இன்ன பூதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், “இன்றைக்கு உங்களிடம் எது நல்லா இருக்கு அண்ணே?” என்று கேளுங்கள். என் அனுபவத்தில் ஒரு பூக்கடைக்காரரிடமிருந்து நல்ல வேலையை வாங்கித் தருகிற கேள்வி இதுதான். டெலிவரிக் காசைத் தனியாகப் பேசுங்கள், கட்டி முடித்ததும் ஒரு போட்டோ கேளுங்கள். அட்டையில் எழுத வேண்டிய வாசகத்தைத் தமிழிலேயே, பிழையில்லாமல் டைப் செய்து அனுப்புங்கள், கையால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். போனில் வாயால் சொன்னால் பெயரே மாறிப்போகும்.

முகவரி பெரிய பிரச்சினை, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மவுசாக்கலை அணை 1969இல் முடிந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்கடியில் போனது. நீர்மட்டம் நன்றாக இறங்குகிற காலத்தில் பழைய கோயிலும் கட்டடங்களும் வெளியே தெரியும், பத்திரிகையில் படம் பார்த்திருப்பீர்கள். இப்போதைய டவுன் மேட்டில் புதிதாக எழுந்தது. நீர்த்தேக்கம் பள்ளத்தாக்குகளுக்குள் கைகைகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதனால் டவுனிலிருந்து பார்த்தால் எதிரே தெரிகிற லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போக ரோட்டில் பெரிய சுற்று சுற்றவேண்டியிருக்கும். வரைபடத்தில் கோடு போட்டு “கிட்டத்தானே” என்று டெலிவரிக் காசைப் பேரம் பேசாதீர்கள். காட்மோர், மொரே, பிரவுன்லோ என்று தேயிலைத் தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரு தோட்டத்துக்குள்ளேயே பல டிவிஷன், அதற்குள் லயங்கள், பல வீடுகளுக்குத் தனி இலக்கமே கிடையாது. கடிதம்கூட தோட்டத்து ஒபிஸ் வழியாக வருகிற இடங்கள் உண்டு. டிவிஷன், லயம், வீட்டுக்காரரை ஊரில் கூப்பிடுகிற பெயர், பக்கத்தில் கோயிலா பிள்ளைக்காம்பராவா (வேலைக்குப் போகிறவர்கள் குழந்தையை விடுகிற இடம்) என்பது, இவ்வளவும் வேண்டும். பதிவுப் பெயரைச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

காலமும் பார்க்கவேண்டும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைப் பருவம், மலையேற நல்லதண்ணிக்குப் போகிற வாகனமெல்லாம் மஸ்கெலியா ரோட்டில்தான். சனி, ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் என்றால் பூக்காரருக்கு நேரம் சொல்லவே முடியாது, அதற்கு முதல்நாளே கொடுத்துவிடச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கொழும்பிலிருந்து கிளம்பிய பூ நடுவழியில் நிற்கும், ஹட்டனில் கட்டின பூவுக்கு அந்த ஆபத்து குறைவு.

துக்க வீடு என்றால் மலர்வளையத்தைக் கேட்பதற்கு முன்னால், எடுப்பது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தோட்டத்தில் பலநேரம் மறுநாளே அடக்கம் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து இரவில் காசு கட்டி, இங்கே விடிந்து, ஓர்டர் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேருவதற்குள் வீட்டில் கூட்டம் கலைந்திருக்கும். நேரம் போதவில்லை என்றால் வளையத்தை விட்டுவிட்டு, ஊர் ஆள் ஒருவர் மூலம் ஒரு மாலை வாங்கி உங்கள் பெயரைச் சொல்லிப் போடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு என்றால் அன்று காலையில் வார்டைத் திரும்ப உறுதிப்படுத்துங்கள், மஸ்கெலியாவில் சேர்த்தவரை டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பூவை உள்ளே எடுக்கவே மாட்டார்கள்.

கடைசியாக, சர்ப்ரைஸ். பெறுகிறவரின் நம்பரைக் கேட்டால் “வேண்டாம், அவங்களுக்குத் தெரியக்கூடாது” என்று மறைக்கிறார்கள். கொழுந்தெடுக்கிற அம்மா பகலில் மலையில் நிற்பார், வீடு பூட்டியிருக்கும், சிக்னல் இருக்கலாம் இல்லாமலும் போகலாம். வாசலில் வைத்த பொக்கே வெயிலில் கிடக்கும், அல்லது ஆடு மேயும். அம்மாவின் நம்பரைத் தர விருப்பமில்லை என்றால் பக்கத்து வீட்டுச் சித்தியின் நம்பரைக் கொடுங்கள், வேலை விட்டு வருகிற அந்திநேரமாகச் சொல்லுங்கள், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தச் சித்தியிடம் சொல்லி, பூ வந்ததும் தண்டின் நுனியைச் சரிவாக ஒரு அங்குலம் வெட்டி, தண்ணீருக்குள் முங்குகிற இலைகளைக் கழற்றிவிட்டு, ஒரு வாளியில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.