காட்டெருமைக்குப் பயப்படாதவர் சூப்பர்வைசருக்கு ஏன் நடுங்குகிறார்?

கூப்பிடு தூரத்தில் காட்டெருமை மேய்ந்துகொண்டிருக்க, அதன் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே இலை பறிக்கிறவர்களைக் கோத்தகிரிப் பக்கம் யாரும் வீரர் என்று சொல்வதில்லை, அங்கே அது அன்றாடப் பிழைப்பு. பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாமல் அதே ஆள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு இறங்கினால், முதல் மாதம் ரோட்டைக் கடக்கவே உள்ளங்கை வேர்க்கிறது, சூப்பர்வைசர் கூப்பிட்டால் வயிற்றைக் கலக்குகிறது. மலையில் இருந்த தைரியம் எங்கே போச்சு?

மூளையில் ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அமிக்டலா என்கிற சின்னப் பகுதி. அது யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. புதர் அசைந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும், அசைந்தது மாடா காற்றா என்பதெல்லாம் நமக்கு அப்புறம்தான் தெரியும். பலமுறை ஒன்றும் ஆகாமல் போனால் பயம் அடங்குகிறது. அடங்குகிறதே தவிர அழிவதில்லை. பழைய சுவரொட்டி மேல் புதுசு ஒட்டுகிற மாதிரி, முன்மூளையின் ஒரு பகுதி 'ஆபத்தில்லை' என்ற புதுப் பாடத்தை மேலே ஒட்டி அமிக்டலாவை அடக்கி வைக்கிறது. அந்தப் பாடத்தை எந்த இடத்தில் கற்றோம் என்பதை, நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி கூடவே குறித்துக்கொள்கிறது. இடம் மாறினால் ஒட்டியது பிய்ந்துவிடும்.

1979இல் மார்க் பௌட்டன், ராபர்ட் போல்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். ஓரிடத்தில் ஷாக் கொடுத்துப் பயம் பழக்கிய எலிக்கு வேறோர் இடத்தில் பயம் தெளிய வைத்தார்கள். பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோனதும் பயமும் கூடவே திரும்பிவிட்டது. நம் ஆளுக்கும் இதேதான். சின்ன வயதில் வாத்தியார் அதட்டலுக்கு இருந்த பயம் எஸ்டேட் மேஸ்திரியோடு பழகிப் பழகிப் போயேவிட்டது என்று நினைத்திருப்பார், திருப்பூரில் புது முகம் ஒன்று குரலை உயர்த்தியதும் அது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம்.

இன்னொரு காரணமும் உண்டு: என்ன நடக்கும் என்று தெரியாத நிலை. 2016இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் திரையில் பாறைகளைக் காட்டி, அடியில் பாம்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். பாம்பு இருந்தால் கையில் ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோதுகூட ஆட்கள் அவ்வளவு தவிக்கவில்லை, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. வேலையை விடுவதா வேண்டாமா, வீட்டைக் காலி செய்வதா என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பது, முடிவெடுத்துக் கஷ்டப்படுவதைவிட ஏன் வாட்டுகிறது என்பது இதில் ஓரளவு புரிகிறது.

சரி, தைரியம் என்பது என்ன? 2010இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஸ்கேன் மிஷினுக்குள் ஆட்களைப் படுக்க வைத்து, நிஜப் பாம்பு ஒன்றை நகரும் பெல்ட்டில் வைத்து, கிட்டே கொண்டுவரவோ தள்ளிவிடவோ பட்டனை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். (சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.) பயந்துகொண்டே பாம்பைக் கிட்டே இழுத்தவர்களுக்கு முன்மூளையின் உட்பக்கத்தில் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. அதைவிடச் சுவாரசியம் வேறு. மனதில் பயமும் உடம்பில் வேர்வையும் ஒருசேர ஏறியபோதுதான் பாம்பைத் தள்ளிவிட்டார்கள்; இரண்டில் ஒன்று தணிந்திருந்தால் போதும், கிட்டே இழுக்க முடிந்தது. மனதோடு மல்லுக்கட்டுவதைவிட உடம்பைத் தணிப்பது சுலபம்: மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு குறையும்.

ஆனால் மூச்சு அந்த நேரத்துக்குத்தான் உதவும். மூளைக்குப் புதுப் பாடம் வேண்டுமென்றால் பழக்கம்தான் வழி, அதுவும் பல இடங்களில், பல விதமாக. தேயிலையை விட்டுவிட்டுப் பிக்கப் வண்டி வாங்கி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு இறக்குகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் இறக்கத்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வெயில் நேரத்தில், காலி வண்டியில், செகண்ட் கியரில் மட்டுமே ஓட்டிப் பழகினால் மூளை அந்த வெயிலோடும் காலி வண்டியோடும் சேர்த்துத்தான் தைரியத்தைப் பதிந்துகொள்ளும். லோடு ஏற்றிய அன்றைக்குப் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால் கை மறுபடி நடுங்கும். ஆகவே பாதி லோடு, முழு லோடு, சாயங்காலம், லேசான தூறல் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் எப்போதும் அண்ணன் உட்கார்ந்து வந்தால், 'அண்ணன் இருந்தால் ஆபத்தில்லை' என்றுதான் மூளை படிக்கும். கை கொஞ்சம் படிந்த பிறகு அவரை வழியில் இருக்கும் பர்லியாறில் டீ குடிக்க இறக்கிவிட்டுவிட்டு, மிச்ச வளைவுகளைத் தனியாக இறங்குங்கள். அவர் பின்னாலேயே பஸ் பிடித்து வந்துவிடுவார்.