‘நானுக்கு வேணும்’: குழந்தையின் தப்பும் பெரியவரின் தப்பும்

மூன்று வயதுக் குழந்தை ‘நானுக்கு வேணும்’ என்கிறது. தமிழ் கற்றுக்கொண்டிருக்கும் ஆங்கிலேயர் ‘நான் பசிக்கிறேன்’ என்கிறார். இரண்டையும் கேட்டுச் சிரித்துவிட்டுத் திருத்துவோம். ஆனால் இந்த இரண்டு தப்பும் ஒரே ரகம் அல்ல.

குழந்தையின் கணக்கு இது: அவன் என்றால் அவனுக்கு, அண்ணன் என்றால் அண்ணனுக்கு. அப்படியானால் நான்? நானுக்கு. வீட்டில் யாரும் இப்படிப் பேசுவதில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. காதில் விழுந்த பேச்சிலிருந்து அதுவாகவே ஒரு விதியை உருவி எடுத்திருக்கிறது. விதி சரிதான், மொழிதான் அந்த இடத்தில் ஏறுமாறாக இருக்கிறது. பெரியவரின் தப்பு வெளியிலிருந்து வந்தது. அவருடைய மொழியில் பசி என்பது ஆளின் நிலை. நம்முடையதில் பசி ஆளுக்கு வருகிறது. அவர் தமிழ்ச் சொற்களை ஆங்கில அச்சில் வார்த்துவிட்டார்.

ஆங்கிலம் பேசும் குழந்தைகளும் இப்படித்தான். முதலில் ‘வென்ட்’ என்று சரியாகச் சொல்லும் குழந்தை, கொஞ்ச நாள் கழித்து ‘கோ’வோடு இறந்தகால விகுதியை ஒட்டி ‘கோட்’ என்று சொல்ல ஆரம்பிக்கும். பின்னால் போவதுபோலத் தோன்றினாலும் அது முன்னேற்றம்தான். விதி பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். 1958-ல் மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ இதைச் சோதித்துப் பார்த்தார். பறவை மாதிரி ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைக் காட்டி ‘இது ஒரு வக்’ என்றார். பிறகு இரண்டு பிராணிகள் உள்ள படம். இப்போது என்ன சொல்வது? குழந்தைகள் ‘வக்ஸ்’ என்றன. உலகத்தில் யாரும் அதுவரை சொல்லாத சொல். அதனால் கேட்டதை அப்படியே ஒப்பித்தார்கள் என்று சொல்ல வழியில்லை.

சரி, குழந்தைகள் வேகமாகக் கற்கிறார்கள், பெரியவர்களுக்கு மூளை மரத்துப்போகிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே? அதில் பாதிதான் உண்மை. நெதர்லாந்துக்குக் குடிவந்த, ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் டச்சு மொழி கற்பதை கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்னாகல்-ஹூலும் ஓராண்டு காலம் தொடர்ந்து கவனித்து 1978-ல் எழுதினார்கள். முதல் சில மாதங்களில் முந்தியவர்கள் பதின்வயதினரும் பெரியவர்களும். மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்கள் 12 முதல் 15 வயதுக்காரர்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்கள் கடைசி.

நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் பத்து மணி நேரம் விழித்திருக்கும் குழந்தைக்கு நாலு வயது முடிவதற்குள் 14,600 மணி நேரம் ஆகிவிடுகிறது. பேச்சே காதில் விழாத நேரம் என்று பாதியைத் தள்ளினாலும் ஏழாயிரத்துக்கு மேல். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தூதரக அதிகாரிகள் வேலைக்குப் போதுமான தமிழ் கற்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஏழாயிரம் மணி நேரத்துக்குப் பிறகும் நாலு வயதுக் குழந்தை பேசும் பேச்சைப் பார்த்தால், அதை மின்னல் வேகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஓட்டத்தின் கடைசியில் ஜெயிப்பது குழந்தைதான். பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால், சிறு வயதில் புது நாட்டுக்கு வந்தவரின் பேச்சில் பெரும்பாலும் அந்நிய வாடை இருக்காது. நாற்பதில் வந்தவரிடம் அது பெரும்பாலும் போகாது. எங்கே நழுவுகிறது? முதல் இடம் காது.

பத்து, பட்டு. நமக்கு இந்த இரண்டும் குழம்பாது. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர் பலருக்கு நடுவில் இருக்கும் த-வும் ட-வும் ஒரே ஒலி. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியில் உள்ள இதே வேறுபாட்டைக் கைக்குழந்தைகளிடம் சோதித்தார்கள். பேசத் தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? குழந்தை மடியில் உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். ஒலி மாறும்போது பக்கத்து இருட்டுப் பெட்டிக்குள் ஒரு பொம்மை விலங்கு வெளிச்சம் பெற்று ஆடும். ஒலி மாறினால் பொம்மை வரும் என்பதைக் குழந்தை சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். அப்புறம் மாற்றம் கேட்டதுமே தலை அந்தப் பக்கம் திரும்பும். தலை திரும்பாவிட்டால் மாற்றம் காதில் ஏறவில்லை.

1984-ல் வெளிவந்த முடிவு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் ட-வையும் த-வையும் பிரித்துக் கேட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானோருக்கு அது முடியவில்லை. முதல் பிறந்தநாளுக்கு முன்பே காது தன் வீட்டு மொழிக்கு ஏற்ப அமைந்துவிடுகிறது.

அவர்களை நினைத்துச் சிரிக்க வேண்டாம், நமக்கும் இதே கதைதான். கடல், தங்கம், பகல். மூன்றிலும் ‘க’ இருக்கிறது. தொண்டையில் விரல் வைத்து மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் மூன்று வேறு ஒலிகள். தங்கத்தில் தொண்டை அதிரும், கடலின் தொடக்கத்தில் அதிராது, பகலில் கிட்டத்தட்ட மூச்சுக்காற்று மட்டும்தான். இந்தி பேசுபவருக்கு இவை தனித்தனி எழுத்துகள். நாமோ வாழ்நாள் முழுக்க ஒரே ‘க’ என்றே கேட்கிறோம். எந்த இடத்தில் எது வரும் என்பது தமிழில் தானாக முடிவாகிவிடுவதால் வித்தியாசத்தைக் கவனிக்கத் தேவையே வருவதில்லை. ஆங்கிலத்தில் பனியனுக்கும் மேற்குத் திசைக்கும் உள்ள ஒலி வேறுபாட்டை இந்தக் கட்டுரையில் என்னால் எழுதிக் காட்டக்கூட முடியாது. தமிழில் இரண்டும் ‘வெஸ்ட்’.

ஒலியை அடுத்துச் சொல். பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. தெரியாத மொழியைக் கேட்டால் ஒரே நீளக் கயிறாகத்தான் கேட்கும். ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 1996-ல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு இயந்திரக் குரலில் இரண்டு நிமிடம் அசைகளை ஓடவிட்டார்கள். நிறுத்தம் இல்லை, அழுத்தம் இல்லை. அதற்குள் ‘பிடாகு’ போன்ற மூன்றசைப் பொய்ச் சொற்கள் நாலு கலந்திருந்தன. ‘பி’ வந்தால் அடுத்து எப்போதும் ‘டா’. ஆனால் ‘கு’வுக்குப் பிறகு மற்ற மூன்றில் எந்தச் சொல்லும் தொடங்கலாம். இது ஒன்றுதான் துப்பு. இரண்டே நிமிடத்தில் குழந்தைகள் அந்தச் சொற்களையும், சொல் எல்லையைத் தாண்டி வெட்டிய துண்டுகளையும் வேறுபடுத்தினார்கள். எந்த அசையை எது தொடர்கிறது என்று மூளை சத்தமில்லாமல் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறது. பெரியவர்களுக்கும் இந்தத் திறமை உண்டு என்று அதே குழு காட்டியது. அது வயதோடு ஓடிப்போகவில்லை.

அப்படியானால் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டால் போதுமா? அமெரிக்காவின் சியாட்டிலில் பட்ரீஷியா கூல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீன மொழி கேட்க வைத்தார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து பொம்மையும் புத்தகமும் வைத்துப் பேசியபோது குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, திரையில் மட்டும் காட்டியபோது எதுவும் ஏறவில்லை. 2003-ல் வந்த முடிவு இது. எதிரே இருப்பவரின் கண்ணும் முகமும் கை காட்டும் இடமும் குழந்தைக்குப் பாடத்தில் சேர்த்தி.

பெரியவர் கற்கும் விதமே கொஞ்சம் வேறு என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று கார்லா ஹட்சன் காமும் நியூபோர்ட்டும் 2005-ல் வெளியிட்டது. ஒரு செயற்கை மொழியில் ஒரு சின்ன இலக்கணச் சொல்லை வேண்டுமென்றே நூற்றுக்கு அறுபது தடவை மட்டும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். பெரியவர்கள் திரும்பப் பேசும்போது அவர்களும் ஏறக்குறைய அதே அளவில்தான் சேர்த்தார்கள். குழந்தைகளில் பலர் எப்போதும் சேர்த்தார்கள், அல்லது எப்போதும் விட்டார்கள். பெரியவர் கேட்டதைப் பத்திரமாகக் காப்பாற்றுகிறார். குழந்தை அதை ஒழுங்குபடுத்திவிடுகிறது. ‘நானுக்கு’ என்று சொன்ன குழந்தையும் இந்தக் கட்சிதான்.

குழந்தையைப் போல மொழி கற்கும் கதவு எந்த வயதில் சாத்தப்படுகிறது என்பதில் சண்டை ஓயவில்லை. மொழி ஆய்வாளர் எரிக் லென்னபர்க் 1967-ல் பருவமெய்தும் வயதைச் சொன்னார். 2018-ல் ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன் குழுவினர் இணையத்தில் சுமார் 6.7 லட்சம் பேரின் ஆங்கில இலக்கண விடைகளைச் சேர்த்து, கற்கும் திறன் 17 வயதுவாக்கில் சரிகிறது என்றார்கள். அதே தரவை வேறுவிதமாகக் கணக்கிட்டவர்கள், அந்தத் திடீர்ச் சரிவு எல்லா வகையினருக்கும் பொருந்தவில்லை என்றார்கள். உடம்பு மாறுவது பாதி, பள்ளி முடிந்து வேலை, குடும்பம் என்று வாழ்க்கை மாறுவது பாதி என்று நான் நினைக்கிறேன். இரண்டையும் பிரித்து அளப்பது லேசல்ல.

சாத்திய கதவையும் கொஞ்சம் தள்ள முடிகிறது. ஜப்பானியருக்கு ஆங்கில ‘ர’வும் ‘ல’வும் குழம்பும் என்பது பிரசித்தம். 1990களில் அவர்களுக்குப் பலருடைய குரலில், பல சொற்களில் இந்த இரண்டையும் கேட்கவைத்து, சரியா தப்பா என்று உடனுக்குடன் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். காது தேறியது. ஒரு தடவைகூட உச்சரிப்பு சொல்லிக்கொடுக்காமலே உச்சரிப்பும் தேறியது. ஒரே ஆசிரியரின் குரலை மட்டும் கேட்டுக் கற்பவருக்கு இந்த வசதி இல்லை.

கடைசியாக, தத்துப் பிள்ளைகள். கொரியாவில் பிறந்து மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களான பிறகு கிறிஸ்டோஃப் பாலியே குழுவினர் சோதித்தார்கள். கொரிய வாக்கியங்களை அவர்களால் மற்ற மொழிகளிலிருந்து அடையாளம் காண முடியவில்லை, மூளைப் படத்திலும் தடயம் தெரியவில்லை. துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஆனால் 2017-ல் ஜியோன் சோய் குழுவினர் வேறு கேள்வி கேட்டார்கள்: நெதர்லாந்துக்குத் தத்துப் போனவர்களுக்குக் கொரிய ஒலிகளைப் புதிதாகப் பயிற்றுவித்தால் என்ன ஆகும்? கொரிய மொழியையே கேட்டிராத டச்சுக்காரர்களைவிட அவர்கள் மேலாகத் தேறினார்கள். பிறந்து ஆறு மாதம் ஆவதற்குள் கொரியாவை விட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு கொரியச் சொல்கூடப் பேசிப் பார்த்திராத அவர்களும், பதினேழு மாதமோ அதற்கு மேலோ அங்கே வளர்ந்துவிட்டு வந்தவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள்.