திண்ணை கட்டுங்கள், மரத்தைச் சுற்றி வேண்டாம்

போன வாரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. தென்சென்னையில் ஒரு காலனிப் பூங்கா. புயல் ஒன்றும் இல்லை, ராத்திரி அடித்த சாதாரண மழைக்காற்றுதான். நல்லவேளை, அடியில் யாரும் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பூங்காவைப் புதுப்பித்தார்கள். பொங்கல் விழா, நவராத்திரிப் பாட்டு, கோலப்போட்டி எல்லாம் அங்கேயே நடக்கவேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். ஆலோசனைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வரைபடத்தில் மரத்தைச் சுற்றி வட்டத் திண்ணை, அதற்கு வெளியே சுவர் வரைக்கும் பேவர் பிளாக். வேண்டாம் என்றேன். "நாற்பது வருஷ மரம் மேடம், ஆணிவேர் கிணற்று ஆழத்துக்குப் போயிருக்கும். மேலே கல் பதித்தால் என்ன ஆகிவிடும்?" என்றார் சங்கச் செயலாளர். இப்போது சாய்ந்து கிடந்த வேர்ப்பகுதியைப் பார்த்தேன். விளக்குக் கம்பத்துக்கு கேபிள் புதைக்க ஜேசிபி அறுத்த பக்கம் முழுக்கக் கறுத்து மக்கியிருந்தது. இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது மரம் இது.

அந்த ஆணிவேரைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும். பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படம் நம் மண்டையில் அப்படியே தங்கிவிட்டது. முளைவிடும்போது ஆணிவேர் இருப்பது உண்மைதான். ஆனால் மரம் வளர வளர பக்கவேர்கள்தான் பெரும்பாலான வேலையைப் பார்க்கின்றன. நர்சரிப் பையில் வளர்ந்து வந்த கன்று என்றால், ஆணிவேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும். தண்ணீரும் சத்தும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேலே ஒன்றரை, இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அகலத்திலோ கிளைகளின் நிழலையும் தாண்டிப் போகும். தாம்பாளத்தின் நடுவில் நிறுத்திய குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேவர் பிளாக் பதிப்பது அந்தத் தாம்பாளத்தின் மேல்.

உடனே அடுத்த கேள்வி வரும்: "ஊரில் அரச மரத்தடியில் மேடை இல்லையா?" இருக்கிறது. அது அரச மரம், சுவரையே பிளந்துகொண்டு வளரும் சாதி. அந்த மேடையைத் தாண்டினால் ஊர் முழுக்க வெறும் மண். உங்கள் பூங்காவில் மேடையைத் தாண்டினாலும் சிமெண்ட்தானே?

மரம் உடனே சாகாது என்பதுதான் இதில் பெரிய சங்கடம். உச்சிக் கிளைகள் காய, இலை சிறுக்க, மூன்று, நான்கு வருடம் ஆகிறது. அதற்குள் ஒப்பந்தக்காரருக்குக் கடைசி பில்லும் பாஸாகிவிடும், பழி காற்றின் மேல் விழும். வரைபடம் போடும் எங்கள் தொழில்மேலும் குற்றம் உண்டு. வரைபடத்தில் மரத்தை ஒரு பச்சை வட்டமாகப் போட்டுவிடுகிறோம். வேரை யாரும் வரைவதில்லை. அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், வேரை அறுப்பதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை.

சரி, கூடுவதற்கு என்னதான் வேண்டும்? லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பிள்ளைகள் பாடும் கச்சேரிக்கு மைக்கூடக் கிடையாது. நிழலும் அமைதியும் உட்கார இடமும் இருந்தால் ஜனம் வரும். நான் பார்த்த பூங்காக்களில் கான்கிரீட் மேடை வருடத்தில் நான்கைந்து நாள் பயன்படுகிறது, மற்ற நாளெல்லாம் வெயிலில் காய்கிறது. அந்தப் பணத்தில் சுத்தமான கழிப்பறை ஒன்று கட்டுங்கள், புண்ணியமாகப் போகும். பாட்டிமார்கள் பாதியில் எழுந்து போவது கால் வலியால் மட்டும் அல்ல.

வேலை தொடங்குமுன் ஒவ்வொரு மரத்துக்கும் நெஞ்சளவு உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதன் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அரை மீட்டர் விட்டம் என்றால் ஆறு மீட்டர். கோட்டுக்குள் ஜேசிபி வரக்கூடாது. செங்கல், மணல் குவிக்கக்கூடாது. அங்கே பள்ளம் எடுத்தே ஆகவேண்டுமென்றால் கையால் தோண்டி, பெரிய வேர் வந்தால் கேபிளை அதன் அடியில் நுழையுங்கள். தரையை உயர்த்துகிறேன் என்று அடிமரத்தில் ஒரு அடி மண் கொட்டுவதும் கொலைதான். உட்கார, காலூன்றிய கல் பெஞ்சு போதும். கோலம் போட சமதளம் வேண்டுமா, திறந்த வெயில்பக்கம் ஒரு மூலையில் போட்டுக்கொள்ளுங்கள். தோரண விளக்கைக் கயிற்றில் கட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள், தயவுசெய்து.

ஏற்கெனவே பேவர் பிளாக் பதித்துவிட்டீர்களா? டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. என்னைக் கேட்டால் ஒரு மீட்டர் போதாது, ஆனால் ஆரம்பிக்க அது போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் கடப்பாரையோடு வாருங்கள். கல்லைப் பெயர்த்து, மண்ணை மேலாகக் கிளறி, தண்ணீர் விடுங்கள். பூங்காவில் கூட்டி மூட்டையில் கட்டி அனுப்புகிறீர்களே சருகு, அதையே மேலே பரப்பிவிடலாம். அடிமரத்தில் மட்டும் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி.