போல்ட்ஹோல்: பதுங்குகுழியா, போக்கிடமா?

"அமெரிக்கத் தொழில்நுட்பக் கோடீஸ்வரர்கள் நியூசிலாந்தில் பதுங்குகுழி வாங்குகிறார்கள்." இந்த வாக்கியம் சிறு மாற்றங்களோடு தமிழில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'போல்ட்ஹோல்', அதாவது ஆபத்து வந்தால் ஓடிப்போய்ச் சேர முன்கூட்டியே வைத்திருக்கும் இடம். அதைப் பதுங்குகுழி என்பது வெறும் பொருத்தக் குறைவு அல்ல, பொருளையே தலைகீழாக்கும் பிழை.

'போல்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் அம்பு. அம்பு போல விருட்டென்று பாய்ந்தோடுவதற்கும் பிறகு அதுவே வினையானது. முயல் வேட்டையில் வளைக்குள் ஃபெரட் என்ற, கீரியை ஒத்த விலங்கை விடுவார்கள். முயல் இன்னொரு வாய் வழியாகத் தெறித்து வெளியேறும். அந்த வாய்தான் போல்ட்ஹோல். 19ஆம் நூற்றாண்டிலிருந்து சொல் இப்படி வழங்குகிறது, பிறகு மனிதர்களுக்கும் வந்தது. நம் வயல்களில் எலி பிடிப்பவர்களும் வளையின் மறுவாயை அடைத்துவிட்டுத்தான் புகை போடுவார்கள். ஆகச் சொல்லின் உயிர் வெளியேறுவதில் இருக்கிறது.

பதுங்குகுழி என்ற சொல்லை நமக்குப் பழக்கியது ஈழப்போர். வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூட வளவிலும் தோண்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் சேலைகளைத் தைத்து மண் நிரப்பினார்கள். குண்டு விழும் இடத்தை விட்டு நகர வழியில்லாதவர்கள், விழும் நேரம் மட்டும் உடலை மண்ணுக்குள் தாழ்த்திக்கொள்ளத் தோண்டியது அது. பேபால் நிறுவனர்களில் ஒருவரான பீட்டர் தீல் 2015இல் நியூசிலாந்தின் வானக்கா ஏரிக்கரையில் வாங்கியதோ 193 ஹெக்டேர் நிலம். அங்கே அவர் கட்ட நினைத்தது விருந்தினர் விடுதி. நிலத்தோற்றம் கெடும் என்று மாவட்ட மன்றம் 2022இல் அனுமதி மறுத்தது. இதில் குழி எங்கே இருக்கிறது? தப்பிக்க வழியற்றவரின் சொல்லை, எந்நேரமும் விமானம் ஏறக் கூடியவருக்குக் கொடுக்கிறோம். இது மொழித் தவறு மட்டுமல்ல, அந்தச் சொல்லோடு வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

சிலர் உண்மையிலேயே நிலத்துக்கடியில் கட்டுகிறார்களே என்று கேட்கலாம். மார்க் சக்கர்பெர்க்கின் ஹவாய் வளாகத்தில் சுமார் 5,000 சதுர அடியில் அப்படி ஒன்று திட்டமிடப்பட்டிருப்பதாக 2023இல் செய்தி வந்தது. அதற்கு நிலவறை என்ற நல்ல சொல் இருக்கிறது. தீவில் வாங்கிய நிலம், குடியுரிமை, பயணத் திட்டம் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டுக்கு நிலவறை என்றும் சொல்ல முடியாது, பதுங்குகுழி என்றும் சொல்ல முடியாது.

இன்னொரு சாரார் 'புகலிடம்' என்கிறார்கள். கேட்க இனிமையான சொல், ஆனால் புகல் என்பது கேட்டு வருபவருக்கு ஒருவர் கொடுப்பது. 2001இல் நடுக்கடலில் டம்பா கப்பல் காப்பாற்றிய மக்களை ஆஸ்திரேலியா இறங்க விடாதபோது, அவர்களில் 131 பேரை நியூசிலாந்து ஏற்றுக்கொண்டது. அவர்கள் பெற்றது புகலிடம். தீல் 2011இல் பெற்ற குடியுரிமை அந்த வகையா? வழக்கமாக ஐந்தாண்டுகளில் 1,350 நாட்கள் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். அவர் இருந்தது 12 நாட்கள். 'விதிவிலக்கான சூழல்' என்ற பிரிவில் கிடைத்த அந்தக் குடியுரிமை 2017இல்தான் வெளியே தெரிந்தது. விலை கொடுத்தும் விதிவிலக்கு பெற்றும் அமைத்துக்கொள்ளும் இடத்தைப் புகலிடம் என்றால், நாளை உண்மையான புகலிடக் கோரிக்கைக்குச் சொல் தேட வேண்டிவரும்.

நேர்ச்சொல் வேண்டும் என்பவர்களுக்கு 'வளை' இருக்கிறது, சங்கச் சொல்லான 'அளை'யும் இருக்கிறது. புறநானூறு 190இல் சோழன் நல்லுருத்திரன், கதிரைக் கவர்ந்து வந்து 'அளை மல்க வைக்கும்' எலியைப் போலத் தன் வளத்தை இறுகப் பிடித்து வைத்திருப்பவர்களின் நட்பு வேண்டாம் என்கிறான். இந்தச் செய்திக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. ஆனால் இன்றைய வாசகருக்கு அளை புரியாது, வளையோ கைவளையையும் நினைவூட்டும். தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

என் தேர்வு 'போக்கிடம்'. "அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை" என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். இருக்கும் இடம் தாங்காமல் போனால் போய்ச்சேர ஓர் இடம், அதுதானே போல்ட்ஹோல்? முயலின் மறுவாயும் அதுதான். இரகசியத் தொனி இல்லையே என்றால், அது ஆங்கிலச் சொல்லிலும் கட்டாயமில்லை. நியூசிலாந்தில் வீடு வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னாலே எதற்கென்று புரிந்துவிடும், மற்றதைச் சொல்ல வேண்டாம் என்று லிங்க்ட்இன் நிறுவனர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மனே பேட்டியில் கூறியிருக்கிறார். பிரிட்டிஷார் வார இறுதிக் கடற்கரை வீட்டையும் போல்ட்ஹோல் என்பார்கள். அங்கே மட்டும் 'ஒதுங்கிடம்' என்று எழுதலாம்.

அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவைக்கும் பழக்கம் மற்றச் சொற்களையும் விடவில்லை. நூறு கோடி டாலருக்கு மேல் வைத்திருப்பவரைக் 'கோடீஸ்வரர்' என்று சுருக்குகிறோம். 'பெருஞ்செல்வர்' என்றால் என்ன குறை? 'எலீட்' என்றால் உடனே 'உயரடுக்கினர்', கட்டட மாடியைச் சொல்வது போல. மாவோரி மொழியில் முதல் எழுத்து நெடிலான ஊரை 'வனகா' என்று குறிலாக்குகிறோம். குறில் நெடில் பிரித்து எழுதும் மொழிக்கு இந்தப் பிழை தேவையே இல்லை, வானக்கா என்றே எழுதலாம்.

2018இல் வெளிநாட்டவர் வீடு வாங்க விதித்த தடையை 2025 செப்டம்பரில் நியூசிலாந்து அரசு தளர்த்துவதாக அறிவித்தது. அதை இப்படி எழுதலாம்: "முதலீட்டு விசா பெற்ற வெளிநாட்டுப் பெருஞ்செல்வர்கள், 50 லட்சம் நியூசிலாந்து டாலருக்குக் குறையாத ஒரு வீட்டை இனி அங்கே தங்கள் போக்கிடமாக வாங்கலாம்."