எண்ணெய் விலைக்கு யாரைக் கேட்பது, மானியத்துக்கு எங்கே போவது

2024 செப்டெம்பர் 30 நள்ளிரவில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றருக்கு 21 ரூபா குறைந்து 311 ரூபாவாகவும், ஒட்டோ டீசல் 24 ரூபா குறைந்து 283 ரூபாவாகவும், மண்ணெண்ணெய் 19 ரூபா குறைந்து 183 ரூபாவாகவும் ஆயின. புதிய ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க பதவியேற்று ஒரு வாரமே ஆகியிருந்ததால், இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை பலரும் அவரால்தான் விலை இறங்கியது என்று மகிழ்ந்தார்கள். 2025 ஜூன் முடிவில் பெற்றோல் 12 ரூபாவும் டீசல் 15 ரூபாவும் கூடியபோது அதே ஆட்கள் அவரைத் திட்டினார்கள். விலை இறங்கிய 2024 செப்டெம்பரில் உலகச் சந்தையில் பிரென்ட் மசகு எண்ணெய் ஒரு பீப்பாய் 70 டொலருக்குக் கீழே இறங்கியிருந்தது. விலை கூடிய 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டிருந்தன. அந்த நன்றிக்கும் அந்தத் திட்டுக்கும் ஜனாதிபதி உரியவரல்லர் என்பதே என் கருத்து.

விலை தீர்மானிக்கப்படும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதத்தில் விலைச் சூத்திரம் ஒன்று கொண்டுவரப்பட்டு, 2019 இறுதியில் ஆட்சி மாறியபோது கைவிடப்பட்டு, 2022இல் நாடு வங்குரோத்தான பின்னர் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதிச் செலவு, டொலரின் பெறுமதி, கையாளும் செலவு, வரி ஆகியவற்றைக் கூட்டி, மாத முடிவில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விலையை அறிவிக்கிறது.

இவற்றுள் வரிக்கு மட்டும் அரசியல் தலைவர்கள் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் எரிபொருளுக்கு 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரி விதித்தது ஒரு அரசியல் தீர்மானம். கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைப்பதற்கென லீற்றருக்கு 50 ரூபா அறவிட முடிவெடுத்ததும் அரசியல் தீர்மானமே. மண்ணெண்ணெயை ஆண்டுக்கணக்கில் நட்டத்தில் விற்று, பின்னர் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தியதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கரைவலைக்காரனும் வாவியில் சிறு தோணி ஓட்டுபவனும் அன்று விடிந்து கரைக்கு வந்துதான் அந்த விலையை அறிந்தார்கள். படிப்படியாக ஏற்றியிருக்கலாம்; மானியத்தை முதலில் ஒழுங்குசெய்து, அதன்பின் விலையை ஏற்றியிருக்கலாம்.

ஆனால் தலைவர்களைப் பற்றிய வாக்குவாதத்திலேயே நம்மவர்கள் நின்றுவிடுகிறார்கள். மானியம் அறிவிக்கப்பட்டதும் அறிவித்தவரைப் புகழ்வார்கள், அல்லது ஏசுவார்கள். அது தம் கைக்கு வந்ததா என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பெரும்பாலானவர்களிடம் பதில் இருக்காது. 2022இன் இறுதியில் சீனா நன்கொடையாகத் தந்த டீசல் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் பங்கிடப்பட்டபோது இதைக் கண்டேன். 2024 ஒக்டோபர் முதல் மீன்பிடிப் படகுகளுக்கு எரிபொருள் மானியம் என்று அறிவிக்கப்பட்டபோதும் இதையே கண்டேன். மானியத்தின் பெயரும் தொகையும் மாறிக்கொண்டேயிருக்க, ஆட்கள் விடுபடும் இடம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

அந்த இடம் பதிவுப் புத்தகத்திலுள்ள பெயர். மானியம் படகுக்கு என்றுதான் அறிவிப்பார்கள். கொடுக்கும்போது அது பதிவில் உள்ளவருக்கே கிடைக்கும். தகப்பன் பெயரில் உள்ள படகை மகன் ஓட்டுகிறார், மைத்துனரிடம் வாங்கிய படகுக்குப் பெயர் மாற்றவில்லை, முதலாளியின் படகில் எண்ணெய்ச் செலவைத் தானே ஏற்றுத் தொழில் செய்கிறார் என்றால், இந்த மூவருக்கும் உத்தியோகத்தர் சொல்லும் பதில் ஒன்றே: "உரிமையாளரை வரச் சொல்லுங்கள்." பெயர் சரியாக இருந்தாலும், அந்த ஆண்டுக்கான மீன்பிடி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாதிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதைப் புதுப்பிக்கச் சொல்லி யாரும் வீடு தேடி வருவதில்லை.

வாகரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பொலித்தீன் பைக்குள் கணவரின் படகுப் பதிவையும் இறப்புச் சான்றிதழையும் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். ஓர் அலுவலகத்தில் உரிமையாளர் கையொப்பமிட வேண்டும் என்றார்கள். அவர் இறந்துவிட்டார் என்றதும் கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள். அந்தக் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மேலொப்பம் வாங்கிக்கொண்டு போன நாளில் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் அவர். "செத்த மனுசன் எழும்பி வந்து கையெழுத்துப் போடுவாரா, மகன்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கடிதம், மேலொப்பம், முடிவுத் திகதி ஆகிய மூன்றையும் முதல் நாளே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே நீங்கள் போகும் முதல் நாளிலேயே, தேவையான எல்லா ஆவணங்களையும் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர உத்தியோகத்தர் மறுத்தால் அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, அவருடைய பெயரையும் பதவியையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை எந்தக் காரணத்துக்காகவும் பிரதி எடுக்காமல் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் கிடைத்த திகதியைக் காட்டும் முத்திரையைப் பிரதியில் குத்தி வாங்குங்கள். மீனவர் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன் என்பது விண்ணப்பித்ததற்குச் சான்றாகாது. சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள், ஏனெனில் சந்தா கட்டவில்லை, கூட்டத்துக்கு வரவில்லை என்ற காரணங்களால் பெயர் சத்தமில்லாமல் விடுபடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அம்பாறையின் வேளாண்மைக்காரருக்கும் இதே பொறி வேறு உருவில் உண்டு. குத்தகைக்கு வயல் செய்பவர் உழவுக்கும் வெட்டு மெசினுக்கும் டீசல் காசு கொடுக்கிறார். கமநல சேவை நிலையத்தின் பதிவிலோ காணிக்காரரின் பெயர் இருக்கிறது. குத்தகை வாய்ப்பேச்சாக இருந்தால் மானியம் காணிக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். போகம் தொடங்குமுன் ஓர் எழுத்து ஒப்பந்தம் செய்து, அந்தப் போகத்துக்குச் செய்கை பண்ணுபவராக உங்கள் பெயரைப் பதியுமாறு கமநல நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள். காணிக்காரர் மனம் கோணுவார் என்று தயங்கினால், ஒவ்வொரு போகமும் நட்டம் உங்களுக்குத்தான்.

வாகனம் வைத்திருப்போரும் எரிபொருளை அளவாகப் பங்கிட்ட 2022இன் கியூஆர் முறையை மறந்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம்தான். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். பெயர் மாற்றாமல் திறந்த கடிதத்தில் வாங்கிய வண்டியை முன்னைய உரிமையாளர் தன் பெயரில் பதிந்துவிட்டதால் எண்ணெய் நிரப்பும் செட்டில் இரவிரவாக வரிசையில் நின்றும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் நம் ஊர்களில் நிறைய. பெயர் மாற்றக் காசு செலவாகும்தான், ஆனாலும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் பணம் வரவில்லையென்றால் "மேலிடத்தில் இருந்து வரவில்லை" என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்த அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தரிடம் கேள்வி கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே கேட்கலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "என் விண்ணப்பம் எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பப்பட்டது? நிராகரித்திருந்தால் காரணம் என்ன?" என்ற இரண்டு வரி போதும். மானியம் ஏன் தரவில்லை என்று கேட்டால் விளக்கம் எழுதி அனுப்பிவிடுவார்கள். திகதியும் பெயரும் கேட்டால் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து, படகுகள் கரையில் ஏற்றிக் கிடக்கும் மார்கழி, தை மாதங்களில் இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பியுங்கள், இறந்தவர் பெயரிலுள்ள படகை மாற்றுங்கள், வங்கிக் கணக்கு இயங்குகிறதா என்று பாருங்கள். வாகரை அம்மா இப்போது படகை மகன் பெயருக்கு மாற்றிவிட்டார். அதற்கு அவர் ஏழு முறை அலைந்தார்.